ஒலிபெருக்கியில் உன்னைக் கூப்பிட்ட அன்று

செல்வா, இதை நீ எந்த வயதில் படிப்பாய் என்று எனக்குத் தெரியாது. உனக்குப் பெண் பார்த்துப் பேசி முடித்த பிறகு கையில் கொடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். அப்போது நீ மீசை வைத்திருப்பாய். என்னைவிட ஒரு சாண் உயரமாக இருப்பாய். இப்போது உனக்கு மூன்றரை வயது. மத்தியானச் சோறு தின்றுவிட்டு, வாயோரம் ஒட்டிய பருக்கையோடு உள்ளறையில் தூங்குகிறாய். நீ எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் எழுதுகிற அளவு எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த ஒன்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உன் அம்மா உன்னை இங்கே விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குப் போனாளா, போகாமல் இந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே இருந்துவிட்டாளா என்பது, இதைப் படிக்கிற உனக்கு நன்றாகத் தெரியும். அந்த முடிவோடுதான் நீ வளர்ந்திருப்பாய். எனக்கு இந்த வெள்ளிக்கிழமைக்குள் அது தெரிந்தாக வேண்டும். வானொலி நிலையத்திலிருந்து கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தமிழ்ப் பகுதிக்கு ஒரு பெண் அறிவிப்பாளர் வேண்டுமாம். நாடகத்திலும் நடிக்க வேண்டுமாம். முதல் ஆறு மாதம் பெண்கள் விடுதியில்தான் தங்க வேண்டும், பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இங்கிருந்து தபால், தேயிலை ஏற்றிக்கொண்டு ராணுவக் காவலோடு தாப்பாவுக்கு இறங்கும் லாரியில், வெள்ளிக்கிழமைதான் போகும். போன வெள்ளிக்கிழமையே என் பதில் போயிருக்க வேண்டும். எழுதவில்லை. எதையும் காலத்தில் எழுதுகிற தெம்பு இப்போதெல்லாம் எனக்கு இல்லை.

எனக்கு இருபத்து நான்கு வயதுதான் ஆகிறது, நம்புவாயா? மதராசில் இண்டர்மீடியட் படித்தவள். உன் ஈப்போ தாத்தா, பெண் பிள்ளையைக் கப்பலேற்றிப் படிக்க வைக்கிறாரே என்று ஊரே பேசியபோதும் அனுப்பினார். கல்லூரி நாடகங்களில் எனக்கு எப்போதும் ராஜா வேஷம்தான். குரல் கனமாக இருக்கிறது என்பார்கள். திரும்பி வந்தேன், கல்யாணம் ஆனது, தோட்டத்துக் கணக்கெழுதும் சின்னக் கிராணியின் மனைவியாக இந்த மலைக்கு ஏறி வந்தேன். வந்த வருஷமே, காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளோடு சண்டை என்று வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். ஆறு மணிக்கு மேல் கம்பிக்கு வெளியே தலை தெரிந்தால் சுடுவார்கள் என்றார்கள். நீ பிறந்த பிறகும் அந்தக் கம்பி இருக்கிறது. வேலி என்றால் கம்பிதான், ராத்திரி என்றால் தேடுவிளக்குதான் என்று நினைத்துக்கொண்டு நீ வளர்கிறாய். இதையெல்லாம் பிற்பாடு நீ மறந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

படவண்டியை உனக்கு ஞாபகம் இருக்குமா? மாதத்துக்கு ஒரு முறை தோட்டத் திடலுக்கு வரும். திரை கட்டி, இங்கிலீஷ் படங்களை ஓட்டுவார்கள். மாடு வளர்ப்பது எப்படி, கொசுவை ஒழிப்பது எப்படி என்று. படம் ஓட ஓடத் தமிழில் சொல்ல ஓர் ஆள் மைக்கோடு உட்கார்ந்திருப்பார். ஒரு மாதம் அந்த ஆள் வரவில்லை. காட்டு ஆட்கள் மரத்தை வெட்டிப் பாதையில் போட்டிருக்கிறார்கள் என்று அவரைக் கீழே ரிங்லெட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். முந்தின நாளே மேலே வந்துவிட்ட வண்டியும் அதை ஓட்டுகிற காதர் பாயும் மட்டும் இங்கே நின்றார்கள். திடலில் முந்நூறு பேர். பெரிய கிராணி உன் அப்பாவைப் பார்த்தார், உன் அப்பா என்னைப் பார்த்தார். பயந்துகொண்டே மைக் முன்னால் உட்கார்ந்தேன். படத்தைப் பார்க்காமல் மைக்கையே பார்த்துக்கொண்டு மனப்பாடம் மாதிரி பேசினேன்.

காதர் பாய் என் காதோரம் குனிந்தார். "அம்மா, படத்துல மாடு வந்து அஞ்சு நிமிஷம் ஆவுது. நீங்க இன்னும் அந்த வெள்ளக்காரன் குடும்பத்தப் பத்தியே பேசிக்கிட்டிருக்கீங்க. மாடு கோவிச்சுக்கப் போவுதுலா."

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு ஒலிபெருக்கியில் போய்த் திடல் முழுவதும் கேட்டது. முந்நூறு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்கு அப்புறம் பயமே இல்லை. படத்தில் தொப்பியோடு வந்த அந்த வெள்ளைக்காரப் பண்ணையாருக்கு முனியாண்டி என்று பேர் வைத்தேன். முனியாண்டி மனைவியோடு சண்டை போடுகிறான், மாட்டோடு சமாதானம் பேசுகிறான். "கிராணியம்மா, முனியாண்டிய இன்னொரு தடவ காட்டச் சொல்லுங்க!" என்று கடைசி வரிசையிலிருந்து கத்தினார்கள். வெகு நாளாக அந்தத் திடலில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. அடுத்த மாதம் அந்தப் பழைய ஆள் வந்தபோது, ஜனங்கள் அவரைப் பேச விடவில்லை.

அப்படித்தான் இது என் வேலையானது. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள், ரிங்லெட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கம்போங் ராஜா வரை. முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் நாங்கள். பாதை திரும்புகிற இடத்திலெல்லாம் காதர் பாய் பேச்சை நிறுத்திவிடுவார். திருப்பம் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். படச்சுருள் மாற்றுகிற ஐந்து நிமிஷத்தில் அரிசிப் பங்கீடு, ஊரடங்கு நேரம் எல்லாம் வாசிக்க வேண்டும். அதோடு நானாக ஒன்று சேர்த்துக்கொண்டேன். ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்துக்குப் போகப் பாஸ் கிடைக்காத காலம் இது. அக்கா ஒரு மலையில், தங்கை அடுத்த மலையில், ஒரு வருஷமாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பதை அடுத்த தோட்டத்தில் வாசிப்பேன். "பழைய ஸ்டோர் லயத்து மாரியாயிக்கு: உன் அக்காளுக்கு ஆண் குழந்தை. இரண்டு பேரும் சுகம்." வாசித்து முடிப்பதற்குள் கூட்டத்தில் எங்கோ ஒரு பெண் அழுவது கேட்கும். அந்த அழுகைக்காகவே போக வேண்டும் என்று தோன்றும். இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். வெறும் கைதட்டலுக்காக உன்னை விட்டுவிட்டுப் போனேன் என்று நினைத்துவிடாதே. கைதட்டலும் பிடித்தது. அதையும் மறைக்கவில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். வண்டி மூன்று மணிக்கு வரும். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்துக்கொள்வது பாக்கியம். என் வயதுதான், மூன்று பிள்ளை பெற்றவள். நான் புறப்படுவது தெரிந்தால் நீ காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டாய். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பாக்கியம் உன்னைக் கோழிக்கூண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போவாள். நீ கோழியைப் பார்க்கிற நேரத்தில் நான் முன்வாசல் வழியாகப் போய்விடுவேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன், சத்தம் கேட்காமல் இருக்க. திரும்பி வந்து, "கடைக்குப் போனேன் கண்ணு" என்பேன். ஐந்து மாதம் இப்படி. நீ என்ன செய்தாய் தெரியுமா? நான் வீட்டில் இருக்கும் நாட்களிலும் கோழிக்கூண்டுப் பக்கம் போக மறுத்தாய். சமையலறையில் நான் பாத்திரம் கழுவினாலும் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாய். அது உன் குணம் என்று நினைத்துக்கொண்டேன். நான் கற்றுக்கொடுத்தது என்று தோன்றவில்லை.

போன மாதம் நம் திடலிலேயே படம். வண்டி ஒரு கோடியில். பின்வரிசைப் பெண்களுக்கும் கேட்கட்டும் என்று நீளமான கம்பி இழுத்து, இரண்டாவது ஒலிபெருக்கியை மறுகோடியில், முள்கம்பி வேலியை ஒட்டிய கம்பத்தில் காதர் பாய் கட்டியிருந்தார். பாக்கியம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கோடியில்தான் உட்கார்ந்திருந்தாள். நீ அம்மா எங்கே என்று நச்சரித்திருக்கிறாய். அவள் அந்த ஒலிபெருக்கிக் கூம்பைக் காட்டி, "அங்க பாரு, அம்மா பேசுறாங்க" என்றிருக்கிறாள். அவள் மேல் தப்பே இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

முதல் சுருள் பாதி ஓடியிருக்கும். பாக்கியம் கூட்டத்துக்கு நடுவே ஓடி வருகிறாள், தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. "பிள்ளயக் காணோம்மா! மடியிலதான் இருந்தான். எறங்கினது தெரியல!" எனக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான். கையில் மைக் இருக்கிறது. திடல் முழுவதும் கேட்கும். கூப்பிட்டால் வந்துவிடுவான். "செல்வா! அம்மா இங்க இருக்கேன். அம்மாகிட்ட வா." முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ வரவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். "செல்வா, சத்தம் கேக்குதில்ல? சத்தம் வர்ற பக்கம் வா ராசா." அதையும் சொன்னேன், என் வாயால்.

நீ சொன்னபடியே செய்தாய். சத்தம் வந்த பக்கம் போனாய். கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாய். கூம்பின் வாயில் நான் இல்லை. பின்னால் ஒளிந்திருக்கிறேன் என்று நினைத்துக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு போனாய். பின்னால் வேலி. வேலிக்கு அடியில் மழைத்தண்ணீர் போகிற சாக்கடை. ஆள் நுழைய முடியாது, மூன்றரை வயதுப் பிள்ளை நுழையலாம். நான் கூப்பிடக் கூப்பிட நீ இன்னும் பின்னால் போனாய். கடைசி வரிசையிலிருந்து ஒரு கிழவர், "பிள்ள கம்பிக்கு அந்தண்டப் பக்கம் நிக்குது!" என்று கத்தினார். கத்தியது எனக்குக் கேட்கவில்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேனே. காவல் மேடையில் நின்ற மலாய்க்காரப் போலீஸ்காரனுக்கும் கேட்கவில்லை. தேயிலைச் செடிக்குள் ஏதோ அசைகிறது என்று மட்டும் கண்டு அவன் துப்பாக்கியைத் தூக்கியிருந்தான்.

கிழவர் கத்தியதைக் கேட்ட காதர் பாய் ஓடி வந்து மைக் கம்பியைப் பிடுங்கினார். "வாய மூடுங்கம்மா!" அந்த மனிதர் என்னை அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். "நீங்க கூப்பிடக் கூப்பிட அவன் அந்தப் பக்கந்தான் போறான்!"

திடல் சட்டென்று அமைதியானது. படம் மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உன் குரல் கேட்டது. வேலிக்கு வெளியே, இருட்டுக்குள்ளிருந்து, கொஞ்சம்கூடப் பயமில்லாமல், "என்னம்மா? எங்கம்மா இருக்க?" நான் ஒவ்வொரு தரம் கூப்பிட்டபோதும் நீ பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். என் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. காவல் மேடையில் இருந்தவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். ஏணியில் பாதியிலிருந்தே குதித்து, வாசல் பக்கமாகச் சுற்றி ஓடினான். உன்னை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். "அனாக் சியாப்பா? அனாக் சியாப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். யார் பிள்ளை, யார் பிள்ளை என்று. என் பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாக்கியம்தான் என்னைக் கைகாட்டினாள்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு திரும்பி அந்தக் கூம்பைப் பார்த்தாய். "அங்கதானே கூப்பிட்ட?" என்றாய். அழவில்லை. நான் ஏமாற்றிவிட்டேன் என்கிற மாதிரிகூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாய்.

இதுவரை சொன்னதை உனக்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் சொல்லாததைச் சொல்கிறேன். உன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து நான் மறுபடியும் மைக்கை வாங்கினேன். ஜனங்கள் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாதியில் போனால் கலவரமாகப் பேசிக்கொள்வார்கள், முடித்துவிடலாமா என்று வண்டியோடு வந்த அதிகாரி கேட்டார். முடித்தேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. முனியாண்டிக்குக்கூடச் சிரித்தார்கள். நன்றாகவே பேசினேன் செல்வா, எப்போதையும்விட நன்றாக. உன் சட்டையெல்லாம் சாக்கடைச் சேறு, அது என் புடவையில் ஊறுகிறது, என் வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறது. எனக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளை நினைத்துப் பெருமைப்படுவதா, பயப்படுவதா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த அதிகாரி எழுதிய சிபாரிசில்தான் வானொலிக் கடிதம் வந்தது. நெருக்கடியான நேரத்திலும் குரல் கலங்காதவர் என்று என்னைப் பற்றி அதில் எழுதியிருக்கிறது.

கடிதம் வந்த அன்று உன் அப்பாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தார்.

"உன் இஷ்டம்" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"போகாதேன்னு நான் சொன்னேன்னு நாளைக்கு நீ சொல்லக் கூடாது."

"போன்னு சொன்னீங்கன்னாவது சொல்றேன், சொல்லுங்களேன்."

சிரித்தார். ஆனால் சொல்லவில்லை. அவர் நல்லவர். நான் வாசிக்க வேண்டிய துண்டுத் தாள்களையெல்லாம் மணிமணியான எழுத்தில் பிரதி எடுத்துக் கொடுப்பார். ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் விடியற்காலை பேர் வாசிக்கும்போது ஆட்கள், "ஐயா, அம்மா மாதிரி வாசிங்க" என்று கேலி செய்தால் அவருக்கு முகமெல்லாம் மலரும். ஆனாலும் அந்த "உன் இஷ்டம்" என்னைப் பத்து நாளாகத் தின்கிறது. உன் மனைவிக்கு நீ இதைச் செய்யாதே. போ என்று சொல், வேண்டாம் என்று சொல், பயமாக இருக்கிறது என்று சொல். சண்டை வந்தாலும் பரவாயில்லை. முழுப் பாரத்தையும் அவள் தலையில் வைத்துவிட்டு, நான் பெருந்தன்மையாக இருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

சீமையில் குரலோடு முகமும் வருகிற பெட்டி வந்துவிட்டதாம், காதர் பாய் சொல்கிறார். "பொறுங்கம்மா, நாளைக்கு நம்ம ஊருக்கும் வரும். வீட்ல உக்காந்துக்கிட்டே பிள்ள உங்க மூஞ்சியப் பாக்கும்." உன் காலத்தில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நல்லதுதான். ஆனால் அந்த முகத்தையும் பிள்ளை பெட்டிக்குப் பின்னால் போய்த்தான் தேடும்.

பாக்கியத்திடம் நேற்று கேட்டேன், நான் போனால் ஆறு மாதம் உன்னைப் பார்த்துக்கொள்வாளா என்று. பிஞ்சுப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்துக்காம? மூணோட நாலு. நாங்கல்லாம் பிள்ளைய ஆயாக் கொட்டகையில போட்டுட்டு மலையேறுறவங்கதானே. நீங்க கொஞ்சம் தூரமா ஏறுறீங்க."

"அழுவானே பாக்கியம்."

"அழத்தான் செய்வான். இப்ப மட்டும் சிரிக்கிறானா? நீங்க வண்டியேறி மேட்டத் தாண்டுற வரைக்கும் கத்துவான். தரையில பொரளுவான். உங்களுக்கு எங்க தெரியும்? நீங்கதான் செருப்பக் கையில தூக்கிக்கிட்டு ஓடிடுறீங்களே." குத்தலாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி பீன்ஸைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

நீ எழுந்துவிட்டாய். கூப்பிடுகிறாய். இதோடு நிறுத்துகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. விடிந்து வெகு நேரம் ஆகிவிட்டது. தேயிலை ஸ்டோர் முன்னால் லாரியில் பெட்டி ஏற்றுகிற சத்தம் கேட்கிறது. மேலே உள்ளதை எழுதிய அன்றே, எழுந்து வந்த உன்னிடம் சொல்லிவிட்டேன். சமையலறைத் தரையில் உன்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். "அம்மா ஒரு ஊருக்கு வேலைக்குப் போறேன். கடைக்கு இல்ல. ரொம்ப தூரம். நிறைய நாள் கழிச்சுத்தான் வருவேன். நீ அப்பாகூடவும் பாக்கியம் அக்காகூடவும் இருப்ப." எத்தனை தூக்கம் தூங்கி எழுந்தால் வருவாய் என்று கேட்டாய். பத்து என்று சொல்லியிருந்தால் சும்மா இருந்திருப்பாய். "உனக்கு எண்ணத் தெரியாத அளவு" என்றேன். நடுவில் ஒரு தடவை வரப் பார்ப்பேன், வருவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உடைந்தது. கலங்காத குரலாம்.

நீ அழுதாய். பாக்கியம் சொன்ன மாதிரியே தரையில் புரண்டாய். என்னை அடித்தாய், போ என்றாய், போகாதே என்றாய், என் முந்தானையைச் சுருட்டிக் கடித்தாய். எத்தனை முறை நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன பிறகு இது இந்த வீட்டில் நடந்திருக்கும்! ஒரு தரம்கூட நான் பார்த்ததில்லை. அன்று எழுந்து போகவில்லை, வாயை மூடச் சொல்லவில்லை, மிட்டாய் காட்டவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் உலை கொதித்து அடங்கிவிட்டது. உன் அப்பா வாசலில் வந்து நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். "போயிட்டு வா."

இன்று காலையில் மேசைக்கு வந்து, சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பேனா மூடியைக் கடித்தபடி, கோபம் இன்னும் தீராமல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறாய்.